தொண்ணூற்றில் வரும் நடுக்கம்

பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டித் திருச்சி நோக்கிப் போகும் சாலையில் ஒரு சிறிய கார். 60-ல் ஒரு குறையும் இல்லை. 75 வரை அமைதி. 85-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கைக்குள் மெல்ல நடுங்கத் தொடங்குகிறது. 90-ல் அந்த நடுக்கம் முழங்கை வரை ஏறுகிறது. பாட்டிலில் இருக்கும் தண்ணீர் சிலிர்க்கிறது. பயந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பொறுத்துக்கொண்டு 100-ஐ நெருங்கினாலோ, நடுக்கம் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது!

பழுது என்றால் வேகம் கூடக் கூட மோசமாகத்தானே வேண்டும்? குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டியதும் ஏன் தணிகிறது? கார் வைத்திருக்கும் பலர் இதைச் சந்தித்திருப்பார்கள். விடையைத் தேடிப் போனால், நாம் தினமும் ஏறி இறங்கும் வண்டிக்குள் எவ்வளவு நுட்பமான இயற்பியல் வேலை செய்கிறது என்று தெரியவரும்.

முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிப்போம். 185/65 ஆர்15 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். நடுவில் இருக்கும் ரிம்மின் விட்டம் 15 அங்குலம். கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 62 சென்டிமீட்டர், சுற்றளவு 1.95 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் போகிறது. ஆக, சக்கரம் ஒரு நொடிக்குள் 14 முறை சுற்றிவிடுகிறது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. காரின் வேகத்தை 7-ஆல் வகுத்தால், சக்கரம் நொடிக்கு எத்தனை சுற்று என்பது கிடைத்துவிடும். டயர் பெரிதாக இருக்கும் எஸ்.யூ.வி. வண்டிகளுக்கு 8-ஆல் வகுக்க வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிக்கும் சாவி இதுதான்.

இப்போது அந்தச் சக்கரத்தின் ரிம் விளிம்பில், ஒரே ஒரு இடத்தில், 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று கொள்வோம். கார் நிற்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சுழலும் எந்தப் பொருளும் மையத்தை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். அந்த இழுப்பு, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 30 கிராம் சக்கரத்தை ஒரு கிலோ எடைக்குச் சற்றே கூடுதலான விசையோடு இழுக்கும். 100-ல் அதே 30 கிராம் நாலரைக் கிலோவாகிவிடும். ஒரு நொடியில் 14 முறை மேலே, 14 முறை கீழே, முன்னே, பின்னே என்று நாலரைக் கிலோ இழுப்பு! டயரின் வெளிப்பரப்பில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கிராமும் தன் எடையைப்போல 250 மடங்கு விசையோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அத்தனையையும் ரப்பரும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி வலையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இது மட்டும்தான் காரணம் என்றால் 100-ல் நடுக்கம் 90-ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தணிவதற்குக் காரணம் சக்கரம் மாட்டப்பட்டிருக்கும் விதம். சக்கரம் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே இருக்கிறது. மேலே சஸ்பென்ஷன் ஸ்பிரிங்; கீழே காற்றடைத்த டயர். டயரையும் ஸ்பிரிங் என்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் மேலே இருப்பதைப்போலப் பத்து மடங்கு விறைப்பான ஸ்பிரிங். இரண்டுக்கும் இடையே சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்து முப்பது, முப்பத்தைந்து கிலோ. ஸ்பிரிங்கில் மாட்டிய எந்த எடைக்கும், தட்டிவிட்டால் தானாக ஆடும் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. காரின் உடல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடும். வேகத்தடையைத் தாண்டியதும் நாம் மெல்ல ஏறி இறங்குவது அந்த ஆட்டம். சக்கரத்தின் சொந்த ஆட்டமோ நொடிக்கு 10 முதல் 15 முறை. பல சிறிய கார்களில் ஏறக்குறைய 12, 13.

7-ஆல் பெருக்கிப் பாருங்கள். 84-க்கும் 91-க்கும் நடுவே வந்து நிற்கிறோம்.

சக்கரத்தின் சுழற்சியும் அதன் சொந்த ஆட்டமும் அந்த வேகத்தில் கைகோத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சரியான தருணத்தில் ஒரு தள்ளு விழுவதால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகிறது. இதை ஒத்ததிர்வு என்பார்கள்: ஒரு பொருளின் இயல்பான ஆட்டத்தோடு வெளியிலிருந்து வரும் தள்ளல் ஒத்துப்போவதால் உண்டாகும் பெருக்கம். சலவை இயந்திரம் துணியைப் பிழிந்து முடித்து வேகம் குறையும்போது, நடுவே ஒரு கட்டத்தில் மட்டும் தடதடவென்று ஆடி அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; அங்கே நடப்பதும் இதுதான். கார் அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் தள்ளலும் ஆட்டமும் தாளம் தப்பிவிடுகின்றன. விசை கூடியிருந்தாலும் நடுக்கம் குறைந்துவிடுகிறது. 100-ல் தணிந்தது என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. பேரிங்கும் பால் ஜாயின்டும் அந்த அடியை இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கும். நம் கைக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கையைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. கருவிகளைப் பிடித்து வேலை செய்பவர்களின் கைக்கு வரும் அதிர்வை அளக்க ஐ.எஸ்.ஓ. 5349 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. நொடிக்கு 8 முதல் 16 வரையான அதிர்வுகளுக்குத்தான் அது அதிக முக்கியத்துவம் தருகிறது. ஒத்ததிர்வில் சக்கரம் ஆடும் எண்ணிக்கையும் அதே வட்டத்துக்குள்தான் வருகிறது. உட்கார்ந்திருக்கும் உடலோ நொடிக்கு 4 முதல் 8 வரையான மேல்கீழ் ஆட்டத்தைத்தான் கூர்மையாக உணரும். பல லட்சம் ரூபாய்க் கருவி இல்லாமலே, ஓட்டுபவரின் உள்ளங்கை தேர்ந்த அளவுகோலாக வேலை செய்கிறது.

அந்த அளவுகோலைக் கொண்டு முதல் கேள்வியைக் கேட்கலாம். நடுக்கம் எங்கே தெரிகிறது? ஸ்டீயரிங்கில் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் என்றால் பின்சக்கரம். சந்தேகம் இருந்தால் முன்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களையும் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால், குற்றவாளி காரில் இல்லை, கழற்றி மாட்டிய சக்கரத்தில் இருக்கிறது. செலவில்லாத, ஆனால் அறிவியல் முறைப்படியான சோதனை இது.

இப்போது டயர் கடைக்குப் போவோம். பலர் அங்கே போய் "ஸ்டீயரிங் ஆடுது, அலைன்மென்ட் பாருங்க" என்கிறார்கள். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்ற கணக்கு. அது தவறினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். 90-ல் மட்டும் வரும் நடுக்கத்துக்குப் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங்.

பேலன்சிங் இயந்திரம் பார்வைக்குச் சாதாரணமானது. சக்கரத்தை ஒரு தண்டில் மாட்டி, கூம்பு ஒன்றால் நடுத்துளையை இறுக்கி, மூன்று அளவுகளைக் கொடுக்கிறார் கடைக்காரர்: இயந்திரத்திலிருந்து ரிம் எவ்வளவு தூரம், ரிம்மின் விட்டம், அகலம். மூடியை இறக்கியதும் சக்கரம் சுழன்று நிற்கிறது. திரையில் இரண்டு எண்கள்: உள்பக்கம் 25, வெளிப்பக்கம் 15. சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புகிறார். விளக்கு எரியும் இடத்தில் நிறுத்தி, ஈய வெயிட்டை விளிம்பில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. அலாய் வீல் என்றால் ஒட்டும் வெயிட். மறுபடி சுழற்றினால் இரண்டு பக்கமும் பூஜ்யம். அந்த ஈயம் கழன்று சாலையில் விழுந்து பொடியாகும் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே அதைப் புதிய கார்களில் தடை செய்து, துத்தநாகத்துக்கும் எஃகுக்கும் மாறிவிட்டது. நாமும் மாறியாக வேண்டும்.

ஏன் இரண்டு எண்கள்? சக்கரத்துக்கு அகலம் இருப்பதால்தான். உள்விளிம்பில் ஓரிடத்தில் 20 கிராம் கூடுதல். வெளிவிளிம்பில் அதற்கு நேர் எதிரே இன்னொரு 20 கிராம் கூடுதல் என்று கொள்ளுங்கள். தண்டில் மாட்டிச் சும்மா விட்டால் எந்தப் பக்கமும் தாழாமல் கச்சிதமாக நிற்கும். சுழற்றியதும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்க, சக்கரம் இடவலமாகத் தலையாட்டும். மேல்கீழ்க் குதிப்பு ஒரு வகை, இந்தத் தலையாட்டம் இன்னொரு வகை. இரண்டையும் ஒருசேரத் தீர்க்க இரண்டு விளிம்பிலும் எடை வைக்க வேண்டியிருக்கிறது.

இயந்திரத்தின் தண்டைத் தாங்கும் இடத்தில் பொதுவாக இரண்டு சென்சார்கள் இருக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர்; சென்சார்கள் வேலை செய்வது இதை வைத்துத்தான். சக்கரம் தண்டை உதைக்கும் ஒவ்வொரு உதையும் இந்தச் சென்சார்களில் ஒரு மின்துடிப்பாகிறது. சக்கரம் எந்தக் கோணத்தில் இருந்தபோது அந்த உதை விழுந்தது என்பதை இன்னொரு சென்சார் குறித்துக்கொள்கிறது. இரண்டு இடத்து உதையும் கோணமும் கிடைத்தால், எந்த விளிம்பில் எந்த இடத்தில் எத்தனை கிராம் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். இதில் அழகு என்னவென்றால், பல இயந்திரங்கள் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்றுதான் சுழற்றுகின்றன. சாலையில் அது 23 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம். 90-ல் வரும் நோயை 23-லேயே கண்டுபிடிக்கிறார்கள். எடை எங்கே கூடியிருக்கிறது என்பது வேகத்தைப் பொறுத்து மாறாது, விசைதான் மாறும். இந்தக் கலை கார்களுக்காகப் பிறந்ததும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவி டர்பைன்களைச் சமன் செய்ய ஃப்ரான்ஸ் லாவச்செக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வடிவமைத்த இயந்திரத்தை, டார்ம்ஸ்டாட் நகரத்தின் கார்ல் ஷென்க் நிறுவனம் எடுத்து வளர்த்தது.

இவ்வளவு நுட்பமான இயந்திரத்தையும் ஏமாற்றிவிட முடியும். சக்கரத்தைத் தண்டில் மாட்டும்போது நடுத்துளையில் துருவோ மண்ணோ இருந்து, மையம் 0.2 மில்லிமீட்டர் விலகிவிட்டது என்று வையுங்கள். சக்கரத்தின் எடை 16 கிலோ. கணக்குப் போட்டால், விளிம்பில் 17 கிராம் கூடுதலாக இருப்பதற்குச் சமமான பொய்யை இயந்திரம் சொல்லும். கடைக்காரர் அந்தப் பொய்க்கு வெயிட் அடித்துவிடுவார். காரில் மாட்டியதும் நடுக்கம் அப்படியே இருக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பூஜ்யம் காட்டிய சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். மீண்டும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டினால் நம்பலாம். எண் எகிறினால் மாட்டிய விதம் தவறு. கேட்டால் நல்ல கடைக்காரர் யாரும் மறுக்க மாட்டார்.

எல்லாம் பூஜ்யம், நடுக்கம் மட்டும் போகவில்லை என்பதும் உண்டு. காரணம், இயந்திரத்தில் டயர் காற்றில் சுழல்கிறது; சாலையில் அது காரின் எடையைச் சுமந்துகொண்டு நசுங்கி நசுங்கி உருள்கிறது. டயர் ஒரே வார்ப்பில் வருவதில்லை. ரப்பர் பட்டைகளும் நூல் அடுக்குகளும் எஃகுக் கம்பி வலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றப்பட்டு, முனைகள் ஒட்டப்பட்டு, பிறகு அச்சில் வேகவைக்கப்படுகின்றன. ஒட்டிய இடம் சற்று விறைப்பாக இருக்கலாம். எடையில் குறையே இல்லாத டயர், அந்த இடம் தரையில் படும்போதெல்லாம் ஹப்பைக் கொஞ்சம் கூடுதலாக மேலே தள்ளும். இதைப் பிடிக்கவே, அரை டன் அளவுக்கு அழுத்தும் உருளை ஒன்றை டயர்மீது வைத்துச் சுழற்றிப் பார்க்கும் ரோடு ஃபோர்ஸ் இயந்திரங்கள் வந்திருக்கின்றன.

புது டயரின் பக்கவாட்டில் மஞ்சள் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஆலைச் சோதனையின் முடிவு. மஞ்சள், டயரின் எடை குறைந்த இடம். ரிம்மில் காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடம் பொதுவாகச் சற்றுக் கனமானது. மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேரே வைத்து மாட்டினால் ஒன்றின் குறையை இன்னொன்றின் மிகுதி சரிக்கட்டும். குறைந்த வெயிட்டிலேயே வேலை முடியும். சிவப்பு, டயர் அதிகமாக உதைக்கும் இடம். ரிம்மின் தாழ்ந்த இடத்தில் குறி இருந்தால் சிவப்பு அதற்கு நேரே வர வேண்டும். கழுவினால் போய்விடும் சிறு புள்ளிக்குள் ஒரு பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது. டயர் மாற்றும்போது அதைப் பார்த்து மாட்டச் சொல்வது நம் உரிமை.

மழைக்காலத்தில் ரிம்மின் உள்பக்கம் அப்பிக் காய்ந்த சேறு மட்டுமே நடுக்கம் தரலாம், கழுவினால் தீர்ந்தது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற காரில், தரையைத் தொட்டிருந்த பகுதி தட்டையாகிவிடும். டயருக்குள் இருக்கும் நைலான் அடுக்கு அந்த வடிவத்திலேயே உறைந்துவிடுவதால் வருவது அது. அரை மணி நேரம் ஓடிச் சூடேறினால் பெரும்பாலும் தானாகவே சரியாகும்.

சக்கரம் குற்றமற்றது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி: எப்போது வருகிறது? ஒரே வேகத்தில், பாதுகாப்பான இடத்தில், கியரை ஒன்று குறைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்று கூடும். சக்கரச் சுற்று மாறாது. நடுக்கமும் மாறவில்லை என்றால் எஞ்சின் தப்பித்தது. வண்டியை நியூட்ரலில் உருட்டிச் சோதிக்க வேண்டாம். கியர் மாற்றமே போதும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்சிலைச் சந்தேகிக்கலாம். பல கார்களில் அதன் உள்பக்க ஜாயின்டில் மூன்று உருளைகள் இருக்கின்றன. அவை ஓடும் தடம் தேய்ந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று இடி விழும். பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சுழல்கிறது. அதன் கிராஸ் ஜாயின்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஒரு பக்கம் சீராகச் சுழற்றினாலும், வளைந்த கோணத்தில் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக ஜாயின்ட் வைத்து, ஒன்றின் தப்பை இன்னொன்றால் அழிக்கிறார்கள். கோணம் தவறினாலோ கிராஸ் தேய்ந்தாலோ வருவது கை நடுக்கமாக இருக்காது. தரைக்கு அடியிலிருந்து காதுக்கு வரும் உறுமலாக இருக்கும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது, ஓரிடத்தில் தடிமன் குறைந்திருக்கும். அதுவும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு! ஹப்பில் துரு இருக்க, அதன்மேல் டிஸ்க்கை மாட்டியதால் அது இம்மியளவு சாய்ந்து சுழன்றிருக்கும். பிரேக்கே பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசியிருக்கும். 5,000 கிலோமீட்டர் ஓடினால் 25 லட்சம் உரசல். தவறு நடந்த அன்று ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்துத்தான் மிதி காலை உதைக்கும்.

இத்தனையையும் கையால் மட்டுமே பிரித்தறிய வேண்டியதில்லை. நம் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில் செதுக்கிய சிலிக்கன் துண்டு ஒன்று மெல்லிய தாங்கிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முடுக்கமானி, அதாவது அசைவு மாறுவதை அளக்கும் கருவி. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலி, அதன் அளவுகளை எடுத்து எந்த அதிர்வு எத்தனை வலுவாக இருக்கிறது என்று வரைந்து காட்டும். எப்படிப்பட்ட குழப்பமான ஆட்டத்தையும் எளிய ஆட்டங்களாகப் பிரிக்கலாம் என்று ஜோசஃப் ஃபூரியே வெப்பத்தைப் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில் விளக்கிய கணிதம் அது. போனைப் பக்கத்தில் இருப்பவர் கார்த் தரையில் நகராமல் பொருத்திவைக்கட்டும். 90-ல் ஓடும்போது 13-ல் ஒரு முகடு எழுந்தால், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை உதைக்கிறது என்று பொருள். 26-ல் எழுந்தால் சுற்றுக்கு இருமுறை, டயர் நீள்வட்டமாகியிருக்கலாம். அதைவிட மிக மேலே என்றால் ஷாஃப்ட், எஞ்சின் பக்கம் பாருங்கள்.

ஆகவே மெக்கானிக்கிடம் போகும்போது "வண்டி ஆடுது" என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்த வேகத்தில் தொடங்கி எதில் தணிகிறது, கையிலா சீட்டிலா, அழுத்தும்போதா பிரேக்கிலா என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒரே ஒரு நடுக்கத்துக்கு மட்டும் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். 30, 40 வேகத்திலேயே ஆட்டம் தெரிந்து, அது நாளுக்கு நாள் கூடினால், டயருக்குள் எஃகு அடுக்கு பிரிந்து புடைத்திருக்கலாம். இல்லையென்றால் சக்கரத்தின் நட்டுகள் தளர்ந்திருக்கலாம். உடனே ஓரம் கட்டி, நட்டுகளையும் டயரையும் சுற்றிப் பாருங்கள். புடைப்பு தெரிந்தால் ஸ்டெப்னியை மாட்டுங்கள். அந்த டயரில் இன்னும் ஒரு கிலோமீட்டர்கூடப் போக வேண்டாம்.